‘மற்றவை’ என்ற வரிசையில் வாழும் மீன்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கால்ஹூன் மாவட்டத்தில், கோல்ட்வாட்டர் என்றோர் ஊற்று உண்டு. அந்த ஊற்றிலும் அதிலிருந்து வழியும் சிற்றோடையிலும் மட்டுமே வாழும் ஒரு மீன் இருக்கிறது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாகக் காணப்படுவதில்லை. முழு வளர்ச்சி அடைந்த மீனும் நாலரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள் பட்டியலில் இதன் இலத்தீன் பெயர் சற்று விநோதமாக எழுதப்பட்டிருக்கிறது. முதலில் ‘கொட்டஸ் பாலஸ்’ என்ற பெயர். அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு சமக்குறி. அதன்பின் ‘பிக்மேயஸ்’ என்ற சொல்.

அந்தச் சமக்குறிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1968இல் ஜேம்ஸ் டி. வில்லியம்ஸ் என்ற மீனியல் அறிஞர் இம்மீனை முதன்முதலில் விவரித்து, குள்ளமானது என்ற பொருளில் ‘பிக்மேயஸ்’ என்று பெயரிட்டார். 1989இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினம் என்று அதே பெயரில் அது சட்டப் பாதுகாப்பும் பெற்றது. ஆனால் அப்பெயர் முன்பே வேறொரு மீனுக்கு இடப்பட்ட பெயர். விலங்கியற் பெயரிடல் விதிகளின்படி ஒரே பெயர் இரண்டு விலங்குகளுக்கு நிற்க இயலாது. முன்னது நிலைக்கும், பின்னது விலகும். எனவே 2000இல் வில்லியம்ஸே ‘சிறிய’ என்று பொருள்படும் ‘பாலஸ்’ என்ற இலத்தீன் சொல்லைப் புதிய பெயராகத் தந்தார். மீன் மாறவில்லை, ஊற்று மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. அம்மாற்றத்தில் மீன் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவிவிடாமல் அந்தச் சமக்குறி பார்த்துக்கொள்கிறது.

இது எழுத்தர் வேலை போலத் தோன்றலாம். எனினும் ஒரு பெரிய உண்மை இதற்குள் அடங்கியிருக்கிறது. சட்டம் உயிர்களைப் பெயர்கள் வழியாகவே காண்கிறது. ஒன்றுக்குப் பெயர் இல்லையெனில், அல்லது அதன் பெயர் வேறொன்றின் பெயருக்குள் மறைந்திருப்பின், அது அழிந்தாலும் அழிந்தது என்று எழுத ஓர் ஏட்டில் இடம் இருக்காது. ஆகவே பெயரிடுதலும் பட்டியலிடுதலும் அறிவுத்துறையின் உள்விவகாரங்கள் அல்ல, பொதுப் பொறுப்புகள். நன்னீரில் வாழும் சிறு ஸ்கல்பின் மீன்களின் வரலாறு இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

ஸ்கல்பின் என்று ஆங்கிலத்தில் வழங்கும் மீன்களுள் பெரும்பாலானவை கடல்வாழ்வன. அவற்றுள் நன்னீருக்கு வந்து நிலைத்த ஒரு பெருங்கூட்டமே ‘கொட்டஸ்’ என்னும் பேரினம். ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய நிலப்பகுதிகளின் குளிர்ந்த ஓடைகளிலும் ஏரிகளிலும் இவை வாழ்கின்றன. தமிழ் வழங்கும் நிலங்களின் ஆறுகளில் இவை இல்லை. ஆதலால் தமிழில் இவற்றுக்குப் பெயரும் இல்லை. தட்டையான பெரிய தலை, அகன்ற வாய், விசிறி போல் விரியும் மார்புத் துடுப்புகள், வாலை நோக்கிச் சட்டென்று ஒடுங்கும் உடல் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். மற்ற மீன்களின் உடலை மூடியிருக்கும் வழக்கமான செதில்கள் இவற்றுக்கு இல்லை. சிலவற்றின் தோலில் நுண்முட்கள் மட்டும் உண்டு. நிறம் கல்லின் நிறம்.

இவற்றின் உடலில் காற்றுப்பை கிடையாது. பிற மீன்கள் நீரின் நடுவே மிதந்து நிற்பதற்கு உதவும் உறுப்பு அது. அது இல்லாமையால் கொட்டஸ் மீன் நீரடியிலேயே வாழ்கிறது. கல்லிடுக்கில் ஒளிந்திருந்து, இரை நெருங்கும்போது பாய்ந்து பற்றுகிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் ஒரு கல்லின் அடியில் குழிவான இடத்தைத் தேர்ந்துகொள்ளும். பெண் மீன் அந்தக் கல்லின் அடிப்பக்கத்தில், கூரையில் ஒட்டுவது போல, முட்டைகளை ஒட்டிச் செல்லும். குஞ்சு பொரிக்கும்வரை ஆண் மீனே காவல் நின்று, துடுப்புகளால் நீரை விசிறிக் கொண்டிருக்கும். கற்களின் இடுக்குகளில் வண்டல் படிந்தாலோ, நீரில் உயிர்வளி குறைந்தாலோ இந்த வாழ்க்கை குலைந்துவிடும். ஓடையின் நலத்தை அறிய விரும்பும் ஆய்வாளர்கள் இம்மீன்களைத் தேடுவதற்குக் காரணம் இதுவே.

நீந்தித் தொலைவு செல்லும் இயல்பு இவற்றுக்கு மிகக் குறைவு. பல மீன்கள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சில பத்து மீட்டர் நீளமுள்ள ஓடைப் பகுதியிலேயே கழித்துவிடுகின்றன. ஓடையின் குறுக்கே ஒரு சாண் உயரத்தில் தடுப்பு எழுப்பினால் அதைத் தாண்டி மேலே செல்ல இவற்றால் பெரும்பாலும் முடிவதில்லை. ஆகவே ஓர் ஆற்றுப் படுகையின் மீன்கள் அடுத்த படுகையின் மீன்களோடு கலவாமல் நெடுங்காலம் தனித்தே வாழ்ந்திருக்கின்றன. மலைகள் பிரித்த பள்ளத்தாக்குகளில் ஒரே மொழி பல வழக்குகளாகப் பிரிந்து, பின்னர் ஒருவர் பேச்சு மற்றவர்க்குப் புரியாத தனித்தனி மொழிகளாக ஆவதைப் போன்றது இது. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். உள்ளே பிரிவு ஆழமாகச் சென்றிருக்கும்.

மக்கள் வழக்கில் இம்மீன்களுக்கு அழகிய பெயர்கள் உண்டு. இங்கிலாந்தில் காளைத்தலை என்று பொருள்படும் ‘புல்ஹெட்’ என்பது ஒரு பெயர். மாவரைப்பவரின் கட்டைவிரல் என்று பொருள்படும் ‘மில்லர்ஸ் தம்ப்’ என்பது இன்னொன்று. அரைத்த மாவின் பதத்தை விரலிடையில் தேய்த்துத் தேய்த்து அகன்று தட்டையான கட்டைவிரல் போன்ற தலை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். பிரெஞ்சில் ‘ஷபோ’ என்பர். தலையைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. ஜெர்மன் மொழியில் ‘க்ரோப்பே’, ‘கோப்பே’ என்ற பெயர்கள் வழங்குகின்றன. ஓடையில் கல்லைப் புரட்டிப் பார்த்த மக்களுக்கு இந்தப் பெயர்கள் போதுமானவையாக இருந்தன. ஆனால் எந்த ஓடையின் மீன் எதிலிருந்து வேறுபட்டது என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

அறிவியலும் நெடுங்காலம் ஒரே பெயரோடு நின்றது. 1758இல் லின்னேயஸ் ‘கொட்டஸ் கோபியோ’ என்று பெயரிட்டார். அதன்பின் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள், ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கல்லடியில் கிடந்த இத்தகைய மீன்கள் அந்த ஒரு பெயருக்குள்ளேயே அடைக்கப்பட்டன. விலக்குகள் சில உண்டு. தென் பிரான்சில் மோன்பெலியே நகரை ஒட்டி ஓடும் லெஸ் ஆற்றின் தலைப்பகுதியில் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மட்டும் வாழும் மீன், 1964இல் ‘கொட்டஸ் பெட்டிட்டி’ என்ற தனிப்பெயர் பெற்றது.

2005இல் ஃப்ரைஹோஃப், கொட்டெலா, நோல்ட்டே ஆகிய மூவர் ஐரோப்பியக் கொட்டஸ் மீன்களை மறுஆய்வு செய்து எட்டுப் புதிய சிற்றினங்களை விவரித்தனர். அப்பெயர்களுட் பல, மீன் வாழும் நீரின் முகவரிகளாகவே அமைந்தன. ரைன் ஆற்றுப் பகுதிக்குரியது ‘ரெனானஸ்’. பிரான்சின் அதூர் ஆற்றுக்குரியது ‘அட்டூரி’. இங்கிலீஷ் கால்வாயைச் சூழ்ந்த நிலங்களில் வாழ்வது, நீரிணையைச் சூழ்ந்தது என்ற பொருளில் ‘பெரிஃப்ரெட்டம்’. நிலத்தடியில் நெடுந்தொலைவு மறைந்து ஓடி இத்தாலியில் வெளிப்படும் திமாவோ ஆற்றின் மீனுக்கு, ஊற்று என்ற பொருளில் ‘ஸ்கட்டூரிகோ’. எரோ ஆற்றுப் படுகையின் மீனோ, மோன்பெலியேயில் வாழ்ந்த 16ஆம் நூற்றாண்டு இயற்கையியலாளர் ரோந்தலேயின் நினைவாக ‘ரோண்டெலெட்டி’ ஆயிற்று. இது மிகக் குறுகிய இடத்தில் வாழ்வது. அழிவின் விளிம்பில் நிற்பது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்பு ஆணை 1992இல் இயற்றப்பட்டது. அதன் இரண்டாம் இணைப்பில் ‘கொட்டஸ் கோபியோ’ என்ற பெயரும் ‘கொட்டஸ் பெட்டிட்டி’ என்ற பெயரும் இருக்கின்றன. முதலாவதில் பின்லாந்தின் மீன்களுக்கு மட்டும் விலக்கு. 2005இன் எட்டுப் புதிய பெயர்கள் அந்த இணைப்பில் இல்லை. அப்படியானால் நேற்றுவரை பாதுகாப்பில் இருந்த எரோ மீன், அறிஞர் ஒருவர் தனிப்பெயர் தந்துவிட்டார் என்பதாலேயே இன்று பாதுகாப்பை இழக்குமா? நடைமுறையில் அப்படி நேரவில்லை. உறுப்பு நாடுகள் அளிக்கும் அறிக்கைகளுக்கான பட்டியலில் ‘கொட்டஸ் கோபியோ, மற்றவை அனைத்தும்’ என்றொரு தலைப்பு உண்டானது. பழைய பெயர் ஒரு குடையாக நின்று புதிய பெயர்களையும் மூடிக்கொண்டது.

‘மற்றவை’ என்ற இச்சொல் இந்தியாவின் மொழிகளைக் கற்போருக்கு மிகப் பழக்கமானது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தாய்மொழி எது என்ற கேள்விக்கு மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அலுவலர்கள் அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தினர். மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாதவை என்று ஒதுக்கப்பட்டு ‘மற்றவை’ ஆயின. இறுதியில், 10,000 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பேசும் மொழிகள் என்று வெளியான எண்ணிக்கை 121. பத்தாயிரம் என்ற இந்த வரம்பு 1971 கணக்கெடுப்பிலிருந்து தொடர்கிறது. அதற்குக் கீழே நிற்கும் மொழிகளின் பெயர்கள் அட்டவணையில் தனியே அச்சாவதில்லை.

ஒரு மொழியின் உயிருக்கு மிகுந்த ஆபத்து நேரும் கட்டம், அதைப் பேசுவோர் சில ஆயிரமாகவும் சில நூறாகவும் குறையும் கட்டமே. அந்தக் கட்டத்தில்தான் அட்டவணை அதன் பெயரை அழித்துவிடுகிறது. பேசுவோர் 9,000 பேரிலிருந்து 900 பேராகக் குறைந்தாலும் அரசின் அச்சிட்ட ஏட்டில் எந்த மாற்றமும் தெரியாது. மறுபுறம், எண்ணிக்கை பெரிதாயிருப்பதும் தனிப்பெயருக்கு உறுதியளிப்பதில்லை. 5 கோடிக்கும் மேற்பட்டோர் தம் தாய்மொழி என்று கூறிய போஜ்புரி, இந்தி என்ற தலைப்பின் கீழ் அடங்கிய ஒரு தாய்மொழியாகவே எண்ணப்படுகிறது. பிரிப்பதும் சேர்ப்பதும் பொருளின் இயல்பை மட்டும் பொறுத்தவை அல்ல. பட்டியலிடுவோர் எந்த நோக்கத்தோடு பட்டியலிடுகிறார்கள் என்பதையும் பொறுத்தவை.

இவ்விரண்டு ‘மற்றவை’களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். ஐரோப்பியப் பட்டியலில் ‘மற்றவை’ என்பது கடமையோடு சேர்ந்த சொல். அதன் கீழ் வரும் மீன்களையும் காக்கும் பொறுப்பு உறுப்பு நாடுகளுக்கு இருக்கிறது. இந்தியக் கணக்கெடுப்பில் ‘மற்றவை’ என்பது சல்லடையின் அடியில் விழுந்தவற்றைக் குறிக்கும் சொல். அதற்குள் அடங்கிய எந்த மொழிக்கும் அச்சொல்லால் எந்தக் கடமையும் பிறப்பதில்லை. ஆகவே பலவற்றை ஒரு தலைப்பில் சேர்ப்பதே தீது என்று கூற முடியாது. சேர்த்தபின் உள்ளே இருப்பவற்றுக்கு யார் பொறுப்பு என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

எனினும் குடைக்கும் ஒரு குறை உண்டு. குடையின் கீழ் நிற்போரின் நிலை சராசரியாகவே தெரியும். ஒரு சிற்றினம் நூற்றுக்கணக்கான ஓடைகளில் செழித்து, இன்னொன்று ஒரே படுகையின் சில ஓடைகளில் வற்றிக்கொண்டிருந்தால், இரண்டையும் சேர்த்து எழுதப்படும் அறிக்கையில் செழிப்பின் குரலே உரக்கக் கேட்கும். ‘ரோண்டெலெட்டி’ என்று பெயரிட்ட பிறகே எரோ மீனின் நிலையைத் தனியே மதிப்பிட முடிந்தது. தனிப்பெயர் ஒரு மீனுக்குத் தரும் முதற் பயன், அதன் அழிவைத் தனியே எண்ண முடியும் என்பதே.

பெயருக்காகக் காத்திருந்த ஒரு மீனின் வரலாறும் உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பெர்ரி மாவட்டம் சுண்ணாம்புப் பாறை நிலம். நிலத்தின் அடியில் அறுநூறுக்கும் மேற்பட்ட குகைகள். நிலத்தின் மேலே மண் உள்வாங்கியதால் உண்டான எண்ணற்ற குழிகள். மழைநீர் அக்குழிகள் வழியே வடிகட்டப்படாமல் நேரே குகை ஓடைகளில் இறங்கும். அந்தக் குகைகளுள் ஐந்து குகைத் தொகுதிகளில் ஒரு ஸ்கல்பின் மீன் வாழ்கிறது. கண்கள் சிறுத்து, நிறம் வெளிறி, இருளுக்கு ஏற்ப உருமாறிய மீன். நெடுங்காலம் அது மேற்பரப்பு ஓடைகளில் பரவலாக வாழும் ‘கொட்டஸ் கரோலினே’ என்ற சிற்றினத்தின் ஒரு கூட்டமாகவே கருதப்பட்டது. பரவலாக வாழும் ஒன்றுக்கு ஆபத்து என்று எவரும் எண்ணமாட்டார்.

குழிகளோ குப்பைக் கிடங்குகளாகப் பயன்பட்டுக் கொண்டிருந்தன. வயல்களின் உரமும் பூச்சிமருந்தும் மழையோடு உள்ளே சென்றன. ஐந்து குகைத் தொகுதிகளுள் இரண்டில் இம்மீன்கள் கூட்டமாக மடிந்தது பதிவாகியிருக்கிறது. பாதுகாப்புக்கு உரியது என்ற காத்திருப்புப் பட்டியலில் 2002இல் இம்மீன் இடம் பெற்றது. 2012 செப்டம்பரில் சட்டப் பாதுகாப்புக்கான முன்மொழிவு வெளியானபோதும் அதற்கு முறையான இலத்தீன் பெயர் இல்லை; கொட்டஸ் பேரினத்தின் புதிய சிற்றினம் என்றே குறிக்கப்பட்டது. 2013இல் ஆடம்ஸ், பர், டே, ஸ்டார்க்கி ஆகியோர் குகை என்ற பொருளில் ‘கொட்டஸ் ஸ்பெகஸ்’ என்று பெயரிட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில், அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்று அது பட்டியலில் ஏறியது.

அதோடு நிகழ்ந்த இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. மீனின் முதன்மை வாழிடமாகப் பெருநிலப்பரப்பு அறிவிக்கப்படும் என்ற முன்மொழிவு வந்தபோது, உழவர்களும் உள்ளூர் மக்களும் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்போடு நில்லாமல், மாவட்டத்தின் நிலத்தடி நீரைக் காக்கத் தாமே ஒரு சமூகப் பாதுகாப்புத் திட்டத்தையும் வகுத்தனர். குழிகளைத் தூய்மை செய்வதும் அவற்றைச் சுற்றிப் புல்வரப்பு வளர்ப்பதும் போன்ற வழிகள் அவ்வகைத் திட்டங்களின் உயிர்நாடி. அந்தத் திட்டத்தை ஏற்று, வாழிட அறிவிப்பிலிருந்து அந்நிலங்களை அரசு விலக்கியது. பெயரும் பட்டியலும் மீனைக் காத்துவிட்டன என்று இதற்குப் பொருள் இல்லை. பெயரும் பட்டியலும் வந்த பிறகே, தம் காலடியில் ஓடும் நீரைப் பற்றி ஒரு மாவட்டம் கூடிப் பேச நேர்ந்தது. பெயரின் வலிமை அவ்வளவே, அது சிறிதன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. சிற்றினங்களைப் பிரித்துக்கொண்டே போவது அறிஞர்களின் பொழுதுபோக்கு என்றும், வேண்டாத அணையை நிறுத்தவோ பிடிக்காத திட்டத்தைத் தடுக்கவோ புதிய பெயர்கள் ஆயுதமாகின்றன என்றும் சிலர் கூறுவர். அவர்கள் காட்டும் சான்று டென்னசி மாநிலத்தின் ‘ஸ்னெய்ல் டார்ட்டர்’ என்ற சிறு மீன். அது ஸ்கல்பின் அன்று. ஆனால் வழக்கு புகழ்பெற்றது. அதன்பொருட்டு 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டெலிக்கோ அணையின் பணியை நிறுத்தியது. பின்னர் நாடாளுமன்றம் விலக்களித்து அணையை முடிக்கச் செய்தது. அம்மீன் தனிச் சிற்றினமே அன்று, வேறொரு டார்ட்டரின் கிழக்குக் கூட்டம்தான் என்று 2025இல் ஓர் ஆய்வு வெளியானது.

இம்மறுப்புக்கு விடை இரண்டு. ஒன்று, மரபணுச் சான்றால் ஒரு பெயர் திருத்தப்படுவது அத்துறையின் நேர்மைக்குச் சான்று. பிரிக்கும் ஆய்வுக்கு எந்த அளவுகோலோ சேர்க்கும் ஆய்வுக்கும் அதே அளவுகோல். ‘ஸ்பெகஸ்’ பிரிந்ததும் டார்ட்டர் சேர்ந்ததும் அந்த ஒரே வழியில். இரண்டு, பாதுகாப்பு முழுவதையும் சிற்றினப் பெயர் என்ற ஒற்றை ஆணியில் மாட்டக் கூடாது என்பதையே இவ்வழக்கு கற்பிக்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளில் தனித்து நிற்கும் ஒரு கூட்டத்தையும் சட்டத்தின் நோக்கில் சிற்றினமாகக் கொள்ளலாம் என்ற ஏற்பாடு 1978இலிருந்தே அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. மொழியா வட்டார வழக்கா என்ற வாதம் முடியும்வரை பேசுவோரின் உரிமையை நிறுத்தி வைப்பது எவ்வளவு தவறோ, சிற்றினமா கூட்டமா என்ற வாதம் முடியும்வரை ஓர் ஊற்றின் பாதுகாப்பை நிறுத்தி வைப்பதும் அவ்வளவு தவறு.

பெயர்களுக்கு எட்டாத உயிர்களும் உண்டு. 1990களிலிருந்து ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில், கொட்டஸ் மீன்கள் வழக்கமாகத் தவிர்க்கும் அகன்ற, வெப்பம் மிகுந்த நீரில், ஒரு புதிய கூட்டம் பரவத் தொடங்கியது. ஆய்ந்து பார்த்தபோது, அது ‘பெரிஃப்ரெட்டம்’, ‘ரெனானஸ்’ என்ற இரண்டு பழைய மரபுகளின் கலப்பில் பிறந்தது என்று தெரிந்தது. நெடுங்காலம் பிரிந்திருந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததற்கு, நீர்வழிகளில் மனிதர் செய்த மாற்றங்களே காரணம் என்று கருதப்படுகிறது. பெற்றோர் இருவராலும் வாழ இயலாத நீரில் பிள்ளை வாழ்கிறது. துறைமுகங்களில் இரு மொழிகள் கலந்து மூன்றாவது மொழி பிறப்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. எந்தப் பட்டியலும் முடிந்த பட்டியல் ஆகாது என்பதை இக்கலப்பு மீன் நினைவூட்டுகிறது.

இவ்வளவும் யாருக்காக என்ற கேள்விக்கு விடை நீரில் இருக்கிறது. கோல்ட்வாட்டர் ஊற்று, அனிஸ்டன் நகரத்தின் குடிநீர். நாளொன்றுக்குப் பல கோடி லிட்டர் நீர் சுரக்கும் அந்த ஊற்றுக்கு நேர்ந்த பெரும் அச்சுறுத்தல், அருகிலுள்ள இராணுவத் தளவாடக் கிடங்கிலிருந்து நிலத்தடி நீரில் கலந்த ட்ரைகுளோரோ எத்திலீன் என்ற கரைப்பான். அது மீனுக்கு மட்டும் கேடு செய்யும் பொருள் அன்று. லெஸ் ஆற்றின் ஊற்று, மோன்பெலியே நகரத்தின் குடிநீர். அங்கு நிலத்தடியிலிருந்து இறைக்கப்படும் நீரில் ஒரு பங்கை ஆற்றுக்குத் திருப்பி விட வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெர்ரி மாவட்டத்தின் குகை நீர், அம்மக்களின் நிலத்தடி நீரோடு தொடர்புடையது. மூன்று இடங்களிலும் மீன் குடியிருக்கும் நீரும் மனிதர் பயன்கொள்ளும் நீரும் ஒரே நிலத்தடியிலிருந்து வருகின்றன. கல்லடியில் கிடக்கும் இந்தச் சிறுமீனுக்கு ஒரு பெயர் இருக்கும்போது, அந்த நீருக்கு ஒரு கூடுதல் காவலர் கிடைக்கிறார்.

ஆகவே செய்யத்தக்கவை சில. முதலாவது, உயிரினங்களை வகைப்படுத்தும் அறிஞர்களுக்கும் அவர்கள் நம்பி நிற்கும் அருங்காட்சியகச் சேகரிப்புகளுக்கும் நிலையான நிதி வேண்டும். பெர்ரி மாவட்டத்து மீன் காத்திருப்புப் பட்டியலிலிருந்து பெயரும் பாதுகாப்பும் பெறுவதற்குப் 11 ஆண்டுகள் ஆயின. ஐந்து குகைத் தொகுதிகளில் மட்டும் வாழும் ஓர் உயிருக்கு அது நீண்ட காலம். இரண்டாவது, பாதுகாப்புப் பட்டியல்கள் அனைத்திலும் ஒரு பொது விதி இருக்க வேண்டும்: ஒரு பெயர் மாறினாலும் பலவாகப் பிரிந்தாலும், ஒவ்வொன்றும் தனியே மதிப்பிடப்படும்வரை பழைய பெயரின் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் தொடரும் என்ற விதி. அலபாமாவின் சமக்குறி எல்லா நாட்டுச் சட்டங்களிலும் வேண்டும். இந்தியாவின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அட்டவணைகளில் பெயரிட்டே உயிர்களைக் காக்கிறது. பெயர்கள் மாறும் வேகத்துக்கு அட்டவணைகள் ஈடுகொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ‘மற்றவை’ என்ற வரிசையைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை, சென்ற முறையைவிடக் கூடியதா குறைந்ததா என்பவை அச்சிலேற வேண்டும். மீனுக்கு இது பொருந்துமெனில் மொழிக்கும் பொருந்தும். தனிமனிதரின் அடையாளம் வெளிப்படாதவாறு, 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளின் பெயர்களையும் எண்ணிக்கையையும் அடுத்த கணக்கெடுப்பிலேனும் வெளியிடுவது இயலாத செயல் அன்று. மக்கள் வாய்திறந்து சொன்ன பெயர்கள் அவை. கேட்டு எழுதிக்கொண்ட அரசு, அவற்றை அவர்களுக்கே திருப்பிக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது.

கோல்ட்வாட்டர் ஊற்றின் மீன் தனக்கு இரண்டு பெயர்கள் இருந்ததை அறியாது. 16 முதல் 18 பாகை வெப்பத்தில் ஆண்டு முழுதும் சுரக்கும் அந்த நீரில், அது வழக்கம்போல் கல்லின் அடியில் முட்டைகளைக் காத்துக்கொண்டிருக்கும். அதன் பழைய பெயர் அழிந்தபோது புதிய பெயரை அருகில் எழுதி இடையே ஒரு குறி இட வேண்டும் என்று சட்டத்துக்குத் தோன்றியது. அத்தகைய சிறு கவனங்களைத்தான் பெயரற்ற உயிர்களும் பெயரிழந்த மொழிகளும் பட்டியல் எழுதுவோரிடம் எதிர்பார்க்கின்றன.